மழை ஏமாற்றினாலும் பச்சை: நெல்லைச் சீமையில் பயறுவகைத் தீவனம் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரிப் பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குச் சித்திரையை விடப் புரட்டாசிதான் கஷ்டமான மாதம். சித்திரையில் ஒரு கோடை மழை விழும், மரத்தடியில் நெத்து (காய்ந்து உதிர்ந்த காய்) கிடக்கும், போன அறுவடையின் தட்டையும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அப்புறம் ஆனியும் ஆடியும் வந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்றை அனுப்பும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வரும் காற்று அது. மண்ணில் ஒட்டியிருக்கும் கடைசி ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போய்விடும். ஆவணி கழிந்து புரட்டாசி பிறக்கும்போது போரில் வைக்கோலும் இருக்காது, தரையில் புல்லும் இருக்காது. ஐப்பசி மழை இறங்கி, புல் ஒரு சாண் வளரும்வரை ஆட்டைக் காப்பாற்ற வேண்டும். அந்த ஆறேழு வாரத்தைத் தாண்டுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வாரங்களிலும் பச்சையாக நிற்கக்கூடிய செடிகள் இருக்கின்றன. பெரும்பாலும் பயறுக் குடும்பத்துச் செடிகள். வறட்சியைச் சமாளிக்க ஒவ்வொன்றுக்கும் தனி வழி உண்டு. அந்த வழியைத் தெரிந்துகொண்டு, அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கான வேலையை மழை பெய்கிற மாதத்திலேயே செய்துவிட வேண்டும்.

இதை நான் 2016-இல் கற்றுக்கொண்டேன். வள்ளியூருக்குக் கிழக்கே செவல் (செம்மண்) காட்டில் முப்பது சென்ட் வேலிமசால் வைத்திருந்தேன். பல வருஷம் நிற்கும் பயறுக் குடும்பத்துத் தீவனச் செடி அது. அந்த வருஷம் ஆவணியில் தரையோடு ஒரு வெட்டு. தீவனம் போதாமல் புரட்டாசியில் மறுபடியும் தரையோடு ஒரு வெட்டு. ஐப்பசியில் மழை வந்தால் தளிர்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். வடகிழக்குப் பருவமழை அந்த வருஷம் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். என் கட்டைகளில் பாதிக்கு மேல் தளிர்க்கவே இல்லை. ஆனால் வேலியோரம் கத்தி எட்டாமல் விட்டுப்போன ஒரு வரிசை இருந்தது. அது அந்தக் கோடையையும் தாண்டி நின்றது. மண்ணும் மழையும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வைக்கோல் இருந்தும் மாடு ஏன் மெலிகிறது

காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் புரதம் மூன்று, நான்கு சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். மாட்டின் பெருவயிற்றில் இருந்து நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீவனத்தில் சுமார் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் நுண்ணுயிர்களே பட்டினி. நார் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும், மாடு வாயைக் குறைத்துக்கொள்ளும். தொட்டி நிறைய வைக்கோல் கிடக்க மாடு எலும்பெடுப்பது இதனால்தான்.

வேலிமசால், தட்டைப்பயறு, அகத்தி போன்றவற்றின் இலையில் 15 முதல் 25 சதவீதம் வரை புரதம் இருக்கிறது. இரண்டு கை இலையை வைக்கோலோடு கலந்தால் அந்த இலையும் உணவாகும், கூட இருக்கும் வைக்கோலும் உணவாகும். ஆகவே வறட்சிக்கு ஏக்கர் ஏக்கராகப் பயறுத் தீவனம் தேவையில்லை. பத்து ஆட்டுக்குக் கால் ஏக்கர் ஒழுங்காக இருந்தாலே பெரிய துணை.

செடி தண்ணீரை எப்படிக் கையாளுகிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

சில செடிகள் வறட்சி வருமுன்னே வாழ்ந்து முடித்துவிடும். கரிசல் காட்டில் தானாக முளைக்கும் நரிப்பயறு அப்படி. மழை நின்ற கையோடு பூத்து, காய்த்து, விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும். அடுத்த வறட்சியை அது விதையாக மண்ணுக்குள் கிடந்து கழிக்கிறது. அந்த விதையின் தோல் தண்ணீர் புகாத தோல். எல்லா விதையிலும் தோல் ஒரே நேரத்தில் இளகுவதில்லை. ஒரு பங்கு இந்த மழைக்கு முளைக்கும், ஒரு பங்கு அடுத்த வருஷம், இன்னொரு பங்கு அதற்கும் அப்பால். புரட்டாசியில் ஒரு மழை பெய்து ஏமாற்றி, முளைத்ததெல்லாம் கருகினாலும் வம்சம் அழியாது. வேலிமசால், முயல்மசால் (ஸ்டைலோ), சங்குப்பூ, சூபாபுல் (சவுண்டல் மரம்) எல்லாவற்றுக்கும் இந்தக் கல்விதைக் குணம் உண்டு.

இரண்டாவது வகை, தண்ணீரைத் தேடிப்போய், கிடைத்ததைச் சிக்கனமாகச் செலவழிக்கும். ஆணிவேரைக் கீழே இறக்கிக்கொண்டே போகும். குதிரைமசாலின் (லூசர்ன்) வேர் நல்ல மண்ணில் பல மீட்டர் இறங்கும். வேலிமசாலும் புதர் முயல்மசாலும் மேல்மண் காய்ந்த பிறகும் அடிமண் ஈரத்தைக் குடிக்கும்.

சிக்கனம் இலையில் நடக்கிறது. இலையில் இருக்கும் நுண்துளைகள் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது, தண்ணீரும் ஆவியாகி வெளியே போகிறது. வேர் காய ஆரம்பித்ததும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஒரு பொருள் கூடுகிறது, துளைகள் மூடிக்கொள்கின்றன. தட்டைப்பயறு இதில் ரொம்ப உஷார். மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும்போதே கதவைச் சாத்த ஆரம்பித்துவிடும். அதற்கு ஒரு விலையும் உண்டு: கதவு சாத்தியிருக்கும்போது வளர்ச்சி கிடையாது. வறட்சியில் தட்டைப்பயறு வாடாமல் நிற்கும், ஆனால் வளராமல் நிற்கும்.

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குத் தட்டைப்பயறு வயலில் போய் நின்று பாருங்கள். காலையில் அகல விரிந்திருந்த இலைகள் சூரியனுக்கு விளிம்பைக் காட்டிச் செங்குத்தாக நிற்கும். இது வாட்டம் அல்ல. இலையும் காம்பும் சேரும் இடத்தில் சின்ன முட்டி போல ஒரு தடிப்பு இருக்கும். அதில் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கிச் சுருங்கும், மறுபக்கம் உப்பும், இலை திரும்பிவிடும். தொட்டாச்சிணுங்கி மூடுவதும் புளிய இலை ராத்திரியில் கூம்புவதும் இதே முட்டியால்தான். வெயில் தட்டையாக விழாததால் இலை சூடாவது குறைகிறது, தண்ணீர்ச் செலவும் குறைகிறது. சாயங்காலம் மறுபடி விரிந்துவிட்டால் செடி நலமாக இருக்கிறது என்று அர்த்தம். வேலிமசாலும் தன் சிற்றிலைகளை இப்படித்தான் கூப்பிக்கொள்ளும். இன்னும் முற்றினால் அடி இலைகளை உதிர்த்துவிட்டு நுனியை மட்டும் வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வகை, உள்ளே தண்ணீர் குறைந்த பிறகும் சாகாமல் தாங்கும். செல்லுக்குள் சர்க்கரை, உப்பு, புரோலின் போன்றவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உப்புப் பானை கார்த்திகை மாதத்தில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசியுமே, அதுபோல அந்தச் செல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காணம் (மற்ற ஊர்களில் கொள்ளு என்பது) இதில் கெட்டிக்காரப் பயிர். வேறு எதுவும் வராத சரளைக் காட்டிலும் பனி ஈரத்திலேயே ஒரு விளைச்சல் எடுத்துவிடலாம் என்று நம் தாத்தாமார் அதை மார்கழிக்கு முன் தூவிவிட்டு வந்தது சும்மா இல்லை.

ஒரு செடி ஒரே வழியைத்தான் பிடிக்கும் என்றும் இல்லை. காணம் சீக்கிரம் முடிக்கவும் செய்யும், தாங்கவும் செய்யும். வேலிமசாலுக்கு ஆழ வேரும் உண்டு, இலை கூப்புதலும் உண்டு, கல்விதையும் உண்டு.

இனி பலவீனம். பயறுச்செடி காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) எடுப்பது வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவால். அந்த முடிச்சுகளில் பெரும்பங்கு மேல்மண்ணில்தான் இருக்கும். முதலில் காய்வதும் மேல்மண்தான். இலை வாடுவதற்கு முன்பே முடிச்சின் வேலை குறைய ஆரம்பித்துவிடும். நீண்ட வறட்சியில் முடிச்சுகள் சுருங்கி உதிரும். அதனால் ஆழ வேர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாலும் செடி வெளுத்துப்போகலாம். மழைக்குப் பின் புது முடிச்சு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை செடி வேர்த்தலையில் (வேரும் தண்டும் சேரும் இடத்தில்) சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் தளிர்க்க வேண்டும். தரையோடு வெட்டியது என் செடிகளை ஏன் கொன்றது என்று இப்போது புரிந்திருக்கும். ஒவ்வொரு தளிர்ப்புக்கும் அது சேமிப்பிலிருந்து எடுக்கிறது. இலை இல்லாமல் திரும்பச் சேர்க்க முடியாது. இரண்டாவது வெட்டோடு பானை காலி.

முதல் வேலை: மண்ணைத் தோண்டிப் பார்ப்பது

நல்ல மழை பெய்து மூன்று நாள் கழித்து இரண்டு மூன்று இடத்தில் கடப்பாரையால் மூன்றடி தோண்டுங்கள். பார்க்க வேண்டியது இரண்டுதான்: ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது, வேர் இறங்க எது தடுக்கும். செவலில் பெரும்பாலும் ஒன்றரை அடிக்குக் கீழே சரளையோ கெட்டித்தட்டோ இருக்கும். டிராக்டர் ஒரே ஆழத்தில் வருஷக்கணக்காக உழுத நிலத்தில் அரை அடியிலேயே ஒரு கெட்டிப் படலம் இருக்கும். ஆழவேர்ச் செடியை இதன் மேல் நட்டால் அது ஆழவேர்ச் செடியாக இருக்காது. உளிக்கலப்பையால் ஒருமுறை குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். இந்த ஒரு செலவை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எந்த மண்ணுக்கு எது

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு ஊரில் நன்றாக வந்த செடியைப் பார்த்து, மண்ணைப் பார்க்காமல் விதை வாங்கி வந்துவிடுவார்கள்.

வள்ளியூர், நாங்குநேரி, மானூர்ப் பக்கச் செவலுக்கு முயல்மசால் சரியான செடி. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த ஏழை மண்ணிலும் பிழைக்கும். ஆண்டுக்கு 450 முதல் 850 மில்லிமீட்டர் மழை போதும். புதர் வகை பல வருஷம் நிற்கும், கரீபிய வகை தானே விதை உதிர்த்துப் பரவும். இரண்டையும் கலந்து விதைப்பதே என் வழக்கம். இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஒரே வகை முயல்மசாலைப் பரந்த மேய்ச்சல் நிலமெல்லாம் பரப்பியிருந்தார்கள். 1970-களில் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சாண நோய் வந்து அதைத் துடைத்தெடுத்துவிட்டது. வறட்சியைத் தாங்கும் செடி நோயையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கக் கரிசலுக்கு (மாவட்டம் பிரிந்தாலும் அது பழைய நெல்லைச் சீமைதான்) முயல்மசால் வேண்டாம். களியும் சுண்ணாம்பும் அதற்கு ஒத்துவராது. அங்கே வேலிமசால். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண்ணிலும் வேர் அறாமல் நிற்கும். சங்குப்பூவும் கரிசலுக்கு ஏற்றது. வேலியில் பூவுக்காக வளர்க்கிறோமே, அதே கொடிதான். ஆடு மாடு விரும்பித் தின்னும். வேலிமசால் செவலிலும் வரும், நான் வைத்திருப்பதே செவலில்தான். ஆனால் கரிசலில் அதன் உடம்பே வேறு.

தேரி (செம்மணல் மேடு) மணலில் தண்ணீர் உடனே கீழே போய்விடும். அங்கே சீக்கிரம் முடிக்கும் பயிர்தான் சரி: தட்டைப்பயறு, காணம். தீவனத் தட்டைப்பயறில் கோ 5, கோ 8 ரகங்கள் கிடைக்கின்றன. ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில் பாதிச் செடி பூத்ததும் அறுக்கலாம்.

குதிரைமசால் பற்றிக் கேட்பார்கள். அதன் வேர் ஆழமானதுதான், ஆனால் நம் வெயிலில் கிணற்றுத் தண்ணீர் இல்லாமல் அது தீவனம் தராது, உயிரோடு படுத்துக்கொள்ளும். தாமிரபரணிப் பாசனத்தில் இருப்பவர்கள் வைக்கட்டும். மானாவாரிக்கு நான் சொல்லமாட்டேன்.

கொழிஞ்சி எந்த வறட்சியிலும் பச்சையாக நிற்கிறதே என்று தோன்றலாம். அது பச்சையாக நிற்பதற்கு ஆடு மாடு அதை ஒதுக்குவதும் ஒரு காரணம். அதை மடக்கி உழுது உரமாக்குங்கள்.

விதையை எழுப்புவது

முதல் தடவை முயல்மசால் வாங்கியபோது கடையில் இதைச் சொல்லவில்லை. அப்படியே தூவிவிட்டு, நூற்றில் பத்துகூட முளைக்காமல், விதை பழசு என்று சண்டை போடப் போனேன். விதையில் குறையில்லை, தோலில் தண்ணீர் புகவில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். நான்கு நிமிஷம் ஆறவிட்டால் சுமார் 80 டிகிரிக்கு வரும். விதையைத் துணியில் தளர்வாகக் கட்டி அதில் ஐந்து நிமிஷம் முக்கி எடுங்கள். உடனே பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் நிழலில் உலர்த்தி விதையுங்கள். வேலிமசால், முயல்மசால், சூபாபுல் மூன்றுக்கும் இதே முறை. கொதிக்கக் கொதிக்கப் போட்டால் விதை வெந்துவிடும், கவனம். தட்டைப்பயறுக்கும் காணத்துக்கும் இது தேவையில்லை.

நான் மொத்த விதையையும் வெந்நீரில் போடுவதில்லை. மூன்றில் ஒரு பங்கை அப்படியே பச்சையாகக் கலந்து தூவுகிறேன். முதல் மழை ஏமாற்றி முளை கருகினால், மண்ணில் கிடக்கும் அந்தக் கல்விதை அடுத்த மழைக்கோ அடுத்த வருஷத்துக்கோ எழுந்துவரும்.

அடுத்து ரைசோபியம். பயறுக்கான ரைசோபியம் பாக்கெட் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் காயவைத்து அன்றைக்கே விதைத்துவிடுங்கள். வெயில் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். தட்டைப்பயறு, காணம், முயல்மசால் மூன்றும் ஒரே வகை ரைசோபியத்தோடு ஒத்துப்போகும். வேலிமசாலும் சூபாபுல்லும் அப்படியில்லை, தனக்கென்று ஒரு வகையை எதிர்பார்க்கும். அதற்குச் சுலபமான வழி, அந்தச் செடி ஏற்கெனவே செழித்து நிற்கும் இடத்தின் வேரடி மண்ணை இரண்டு கூடை அள்ளி வந்து, விதையோடு கலந்து தூவுவது.

விதைப்பு

நம் ஊரில் தீவன விதைப்புக்குச் சரியான காலம் ஐப்பசி முதல் வாரங்கள். மழைக்கு முன் புழுதியில் விதைக்க வேண்டுமானால் வெந்நீர் வைத்து ஊறிய விதை கூடாது. ஊறிய விதை காய்ந்த மண்ணில் விழுந்தால் செத்துவிடும். உழவுக்கு ஆகும் அளவு இரண்டு மழை இறங்கிய பிறகு விதைப்பதே நல்லது.

முயல்மசால் வரிசையில் என்றால் ஏக்கருக்கு இரண்டரை கிலோ, தூவினால் நான்கு கிலோ. வேலிமசால் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் வரிசைக்கு ஏக்கருக்கு எட்டு கிலோ. தட்டைப்பயறு பத்து கிலோவிலிருந்து. முயல்மசால் விதை கடுகைப் போலப் பொடியானது. மணலோடு கலந்து தூவி, வேலங்கொப்பை இழுத்து மூடினால் போதும். அரை அங்குலத்துக்குக் கீழே போனால் எழுந்து வராது. எறும்பு இழுத்துக்கொண்டு போகாமல் முதல் நான்கு நாள் ஒரு கண் வையுங்கள்.

யூரியா வேண்டாம். தழைச்சத்து வெளியிலிருந்து வந்தால் செடி முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். முடிச்சுக்கும் வேருக்கும் வேண்டியது மணிச்சத்து. அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட் போடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, ஆவணியில் அந்த இடத்தில் ஆட்டுக்கிடை போடுவது. பிழுக்கையும் மூத்திரமும் விழுந்த செவலில் தண்ணீர் நிற்கும் விதமே மாறிவிடும்.

வரிசைகளுக்கு இடையில் கொழுக்கட்டைப் புல் விதைப்பது நல்ல ஏற்பாடு. புல் மூன்று பங்கு, பயறு ஒரு பங்கு.

முதல் வருஷம் பொறுமை

முயல்மசால் முதல் இரண்டு மாதம் இருக்கிற இடம் தெரியாது. களைக்குள் தேட வேண்டியிருக்கும். பலர் இந்தக் கட்டத்தில் மனம் விட்டு உழுதுபோட்டுவிடுகிறார்கள். அது மேலே வளராமல் கீழே வளர்ந்துகொண்டிருக்கிறது. முதல் வருஷ விளைச்சல் குறைவுதான். மூன்றாம் வருஷத்திலிருந்துதான் நிலம் நிறையும்.

எங்கள் பக்கம் கிடை போட வரும் பெரியவர் ஒருவர் என் நிலத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வேரு உள்ள எறங்குத வரைக்கும் ஆட்ட இதுக்குள்ள விட்றாத. ஆடு இலையத் திங்கல, அடுத்த வருசத்தத் திங்குது." அவர் சொன்னதற்கு மேல் இதில் சேர்க்க ஒன்றுமில்லை. முதல் வருஷம் வேலி அடையுங்கள். காய் முற்றி உதிரட்டும். பிறகு நுனியை மட்டும் கொய்துகொள்ளுங்கள்.

வெட்டும் உயரம், வெட்டும் காலம்

கையேடுகளில் வேலிமசாலுக்கு முதல் வெட்டு 90 நாள், அப்புறம் 40 நாளுக்கு ஒன்று என்று இருக்கும். அது பாசனத்துக்கான கணக்கு. மானாவாரியில் நாளைப் பார்த்து வெட்டாதீர்கள், செடியைப் பார்த்து வெட்டுங்கள்.

வேலிமசாலை முழங்கால் உயரத்துக்குக் கீழே எப்போதும் வெட்டக்கூடாது. முயல்மசாலுக்கு ஒரு சாண் விடுங்கள். விட்ட தண்டில் கொஞ்சமாவது இலை இருக்க வேண்டும்.

காலக் கணக்கு இப்படி: மார்கழி, தை, மாசி மாதங்களில் ஈரம் இருக்கும்போது நன்றாக வெட்டுங்கள். பங்குனியில் கோடை மழை விழுந்தால் இன்னொரு வெட்டு. வைகாசிக்குப் பிறகு கத்தியை எடுத்து வைத்துவிடுங்கள். காற்று மாதங்களில் அது சேமித்துக்கொள்ளட்டும். ஆவணி, புரட்டாசியில் தேவைப்பட்டால் ஒரே ஒரு முறை, பக்கக் கொப்புகளை மட்டும் ஒடித்துக் கொடுங்கள். புரட்டாசியில் இரண்டாவது தடவை கை நீளும். ஆடு கத்தும்போது யாருக்கும் மனசு கேட்காது. அந்த நேரத்தில் தாங்க வேண்டுமென்றால் மாசியிலேயே காயவைத்து எடுத்து வைத்திருக்க வேண்டும்.

செடி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூன்று நேரம் பாருங்கள். மத்தியானம் கூம்பி, சாயங்காலம் விரிந்தால் பயமில்லை. சாயங்காலமும் கூம்பியே இருந்து விடியற்காலையில் விரிந்தால், அடிமண் ஈரம் முடியப் போகிறது, இனி வெட்டக்கூடாது. விடிந்தும் விரியவில்லை என்றால் ஆட்டையும் உள்ளே விடாதீர்கள். ஓராண்டுப் பயிரான தட்டைப்பயறில் இந்த மூன்றாவது நிலை வந்தால் தயங்காமல் அறுத்துவிடுங்கள். அதற்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. இலை கொட்டுமுன் எடுத்தால்தான் புரதம் கையில் நிற்கும்.

காயவைத்து எடுத்து வைப்பது

பயறுத் தீவனத்தில் சத்து இலையில்தான். வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டால் இலை பொடிந்து தரையோடு போய், வெறும் குச்சிதான் மிஞ்சும். காலையில் பனி உலர்ந்ததும் அறுத்து, ஒரு வெயில் மட்டும் பட வாடவிட்டு, பிறகு வேப்ப மர நிழலிலோ கொட்டகையிலோ பரப்பிப் புரட்டிக் காயவையுங்கள். தண்டை நகத்தால் கீறினால் ஈரம் கசியக்கூடாது. கடலைக்கொடி காயவைத்துப் பழகியவர்களுக்கு இது புது வேலை இல்லை. சாக்கில் கட்டி, தரை படாமல் பரணில் வையுங்கள். ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடித்துவிடும். பூசணம் பிடித்ததைச் சினை ஆட்டுக்குக் கொடுக்கவே கூடாது.

கொடுக்கும்போது

மூன்று பங்கு வைக்கோல் அல்லது காய்ந்த தட்டைக்கு ஒரு பங்கு பயறு இலை. முயல்மசாலை முதலில் ஆடு மாடு முகர்ந்துவிட்டு நகரும். ஈர மாதத்தில் புல் இருக்கும்போது அதைத் தொடாது. புல் காய்ந்ததும் தானாகத் தேடி வரும். செடிக்கும் அது நல்லதுதான்.

மழைக்குப் பின் கொழுகொழுவென்று வரும் தட்டைப்பயறுத் தளிரையும் குதிரைமசாலையும் வெறும் வயிற்றில் நிறையத் தின்றால் வயிறு உப்பும். இடப்பக்கம் மத்தளம் போல ஆகிவிடும். முதலில் வைக்கோல், அப்புறம் பச்சை. வேலிமசாலின் துவர்ப்பு வயிற்றில் நுரை கட்டவிடாது. அதில் அந்தப் பயம் இல்லை.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை சோளத்துக்கு. மழையில்லாமல் கட்டையாக நின்ற இளஞ்சோளத்திலும், வறட்சிக்குப் பின் மழையில் துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடு விஷம் சேரும். பசியோடு இருக்கும் மாடு தின்றால் நிமிஷக்கணக்கில் விழுந்துவிடும். வறட்சியில் மாட்டைச் சோளக்காட்டில் அவிழ்த்துவிடாதீர்கள். கதிர் வந்த பிறகு அறுத்து, வாடவைத்துக் கொடுங்கள். மாடு தள்ளாடினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

சூபாபுல் இலை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது; அளவு மீறினால் முடி கொட்டும்.

மரங்களை மறக்க வேண்டாம்

தரையில் இருக்கும் செடியெல்லாம் கைவிட்ட வருஷத்திலும் மரம் கைகொடுக்கும். அதன் வேர் போகும் ஆழமே வேறு. குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரம் நம் சீமைக்கே உரிய அழகு. அதன் நெத்துக்காக நம் நாட்டு இனங்களான கன்னி ஆடும் கொடி ஆடும் மரத்தடியை விட்டு நகராது. வெள்வேலும் கருவேலும் அப்படியே. இவையும் பயறுக் குடும்பம்தான். நெத்து உதிரும் காலத்தில் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டி வைத்தால் புரட்டாசிக்கு ஆகும். விறகுக்காக உடைமரத்தை வெட்டி அந்த இடத்தைச் சீமைக்கருவைக்கு விட்டுக்கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. வேலியோரம் பத்து அகத்தி, நாலு சூபாபுல், கிளைரிசிடியாக் குச்சி கொஞ்சம் நட்டுவையுங்கள். சூபாபுல்லும் வேலிமசாலும் விதை உதிர்த்துப் பக்கத்து நிலத்துக்குப் பரவும். ஆகவே காய் முற்றுமுன் அந்த ஓரத்தை மட்டும் கழித்துவிடுவது அடுத்த நிலத்துக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை.

மழை வந்த பிறகு

மழை பெய்த மறுநாளே ஆட்டை உள்ளே விடத்தான் எல்லோருக்கும் தோன்றும். மூன்று வாரம் பொறுங்கள். அதற்குப் பின் ஒரு செடியை மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் இல்லை, இன்னும் ஒரு வாரம் விடுங்கள்.

மழையும் நம் பக்கம் அளவோடு வருவதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் தேங்கினால் முடிச்சுக்குக் காற்று கிடைக்காது, தட்டைப்பயறு மூன்று நாளில் மஞ்சளித்துவிடும். எனவே விதைக்கும்போதே சரிவைப் பார்த்து ஒரு வாய்க்கால் இழுத்துவிடுங்கள்.

வெட்டு ஆரம்பித்த பிறகும் ஒவ்வொரு வருஷமும் நான்கில் ஒரு பங்கு நிலத்தைக் காய்க்க விட்டுவிடுங்கள். பங்கை மாற்றிக்கொண்டே வாருங்கள். 2017 வறட்சிக்குப் பின் என் முப்பது சென்டை நான் மறுபடி விதைக்கவில்லை. வேலியோரம் தப்பிய அந்த ஒரு வரிசையின் காய்கள் வெடித்து விழுந்த இடத்தில், அடுத்த கார்த்திகை மழைக்கு முளைத்தவைதான் இப்போது நிற்பவை.